ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள்

கேள்வி: பாப் பாடல்களில் பெண்கள் அரைகுறை ஆடையில் ஆடுவதைச் சில பெண்ணியவாதிகள் விடுதலை என்கிறார்கள், சிலர் சுரண்டல் என்கிறார்கள். யார் சொல்வது சரி? பதின்மூன்று வயது மகள் இந்தப் பாடல்களைப் பார்த்து வீட்டில் ஆடுகிறாள். தடுக்க வேண்டுமா?

மகளைப் பற்றிய கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதல் கேள்வியை ஆடையின் அளவை வைத்துத் தீர்க்கவே முடியாது என்பது என் கட்சி. கேமரா எதைப் பார்த்தது, எடுத்ததை வெட்டி ஒட்டும் உரிமை யாரிடம் இருந்தது என்று பாருங்கள். பாதிச் சண்டை தெளிந்துவிடும். மீதிப் பாதி தெளியாது. அதையும் சொல்கிறேன்.

நான் தருமபுரியில் ஒரு ஸ்டுடியோவில் திருமண வீடியோ எடிட் செய்பவள். திருமணத்துக்கு இரண்டு வீடியோ கேமரா போகும். வசதியுள்ள வீடு என்றால் ட்ரோனும் போகும். எல்லாம் என் கணினிக்கு வந்து சேரும்போது, கேமராமேன் எங்கே பார்த்தார் என்பது அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். வரவேற்பில் பெண்கள் ஆடத் தொடங்கியதும், இருபது வயதுப் பையன் பிடித்த கேமரா முகத்திலிருந்து மெல்ல இறங்கி இடுப்பில் போய் நிற்கும். தாளம் விழும் இடத்தில் ஜூம் ஆகும். அவனைக் கெட்ட பையன் என்று சொல்ல எனக்கு மனம் வராது; மணப்பெண்ணின் பாட்டிக்கு நாற்காலி தேடிக் கொண்டுவந்து போட்டவனும் அவன்தான். அப்படி எடுக்கச் சொல்லி ஸ்டுடியோவில் யாரும் அவனுக்குக் கற்றுத்தரவில்லை. சிறு வயதிலிருந்து பார்த்த பாடல்கள் கற்றுத்தந்திருக்கின்றன. இந்தப் பாடல்களால் பெண் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று ஊரே கவலைப்படுகிறது. பையனின் கையை அவை எப்படிப் பழக்கிவைத்திருக்கின்றன என்று கேட்க ஆளில்லை.

இதைத்தான் 1975இல் லாரா மல்வி என்ற பிரிட்டிஷ் திரைப்பட ஆய்வாளர் 'ஸ்கிரீன்' இதழில் எழுதினார். ஹாலிவுட் படங்களில் ஆண் பார்க்கிறான், பெண் பார்க்கப்படுகிறாள். கதாநாயகனும் கேமராவும் அரங்கில் உட்கார்ந்திருப்பவரும் ஒரே கண்ணால் அவளைப் பார்க்கிறார்கள் என்பது அவர் வாதம். அந்தக் கட்டுரை கடினமான நடையில் இருக்கும். வரவேற்பு வீடியோவைப் பத்து நிமிடம் பார்த்தவர்களுக்கு அது எளிதாகவே புரிந்துவிடும்.

பெண்ணியவாதிகள் ஏன் தங்களுக்குள் மோதிக்கொள்கிறார்கள் என்பதற்குப் பழைய கதை உண்டு. 1983இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்துக்காக, ஆபாசப் படைப்புகளைப் பெண்களின் குடிமை உரிமைகளை மீறுபவையாக வரையறுக்கும் சட்ட வரைவு ஒன்றைக் கேத்தரின் மெக்கின்னனும் ஆண்ட்ரியா டுவார்க்கினும் எழுதினார்கள். நகர மன்றம் அதை நிறைவேற்றியது, மேயர் தடுத்துவிட்டார். அந்தச் சட்டத்தை எதிர்த்தவர்களிலும் பெண்ணியவாதிகள் நிறையப் பேர் இருந்தார்கள். எது ஆபாசம் என்று முடிவு செய்யும் அதிகாரத்தை அரசிடம் கொடுத்தால், அது முதலில் பெண்களின் வாயைத்தான் அடைக்கும் என்று அவர்கள் அஞ்சினார்கள். பாப் இசைக்கு இந்தச் சண்டை வந்து சேர அதிக நாள் ஆகவில்லை. 1990இல் மடோனாவின் ஒரு பாடல் வீடியோவை எம்டிவி ஒளிபரப்ப மறுத்தது. மறுப்பே விளம்பரமாகி, அது வீடியோ கேசட்டாகக் கடைகளில் விற்றது. கமீல் பாலியா என்ற எழுத்தாளர் நியூயார்க் டைம்ஸில், கடைசியில் ஓர் உண்மையான பெண்ணியவாதி வந்துவிட்டார் என்று மடோனாவைக் கொண்டாடினார்.

ஆனால் இப்போது நாம் காணும் வடிவத்தில் சண்டை மூண்டது 2013இல்தான். இருபது வயது மைலி சைரஸ், இரும்புக் குண்டின்மேல் ஆடையின்றி ஊஞ்சலாடும் 'ரெக்கிங் பால்' வீடியோவை வெளியிட்டார். அதில் முகத்தை மட்டும் காட்டி அழும் ஷாட்டுக்கு, ஐரிஷ் பாடகி ஷினேட் ஓ'கானரின் பழைய வீடியோ ஒன்றுதான் முன்மாதிரி என்றார். அந்த அக்டோபரில் ஷினேட் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். சாரம் இதுதான்: இசைத் தொழிலுக்கு உன்மீது அக்கறை கிடையாது, உன் உடலை விற்றுக் காசாக்கிவிட்டு, அது உன் விருப்பம்தான் என்று உன்னையே நம்பவைத்துவிடும். மைலி பதிலுக்குக் கேலி செய்தார், அதுவும் ஷினேடின் மனநலச் சிக்கலைத் தொட்டு. அது அசிங்கமான பதில். பாடகி அமாண்டா பால்மர் மைலியின் பக்கம் நின்று, அந்தப் பெண் தன் நிகழ்ச்சியைத் தானே நடத்துகிறாள், அவளுக்கு அந்த உரிமை உண்டு என்று எழுதினார்.

ஷினேடும் அமாண்டாவும் ஆடையைப் பற்றியும் விருப்பத்தைப் பற்றியும்தான் வாதாடினார்கள். நான் அந்த வீடியோவை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். எங்கள் வேலையில் இது வழக்கம்; பாட்டு ஓடும்போது கண் ஏமாந்துவிடும், ஒலி இல்லாவிட்டால் வெட்டுகள் மட்டும் தெரியும். முகம் வரும் ஷாட்டுகளில் ஒரு பெண் இருக்கிறாள், அவளுக்கு ஏதோ நடந்திருக்கிறது. மற்ற ஷாட்டுகளை வேறு எந்தப் பெண்ணை வைத்தும் எடுத்திருக்கலாம். இயக்கியவர் டெர்ரி ரிச்சர்ட்சன். மாடல்களிடம் தவறாக நடந்துகொள்வார் என்று அவர்மீது அப்போதே புகார்கள் இருந்தன. 2017இல் பெரிய பத்திரிகைக் குழுமமான காண்டே நாஸ்ட் அவரோடு இனி வேலை இல்லை என்று அறிவித்தது. ஷினேடின் கடிதத்தில் தாய்மார் கண்டிப்பு சற்று அதிகம்தான். ஆனால் கேமராவுக்குப் பின்னால் நிற்பவரைப் பற்றிய சந்தேகம் வீண்போகவில்லை.

அப்படியானால் பெண் இயக்கினால் சரியாகிவிடுமா? அதே ஆண்டின் 'ப்ளர்ட் லைன்ஸ்' வீடியோவை இயக்கியவர் டயான் மார்ட்டெல், ஒரு பெண். கோட்டு சூட்டு போட்ட மூன்று ஆண்களைச் சுற்றி, ஒரு பதிப்பில் மேலாடையே இல்லாமல், மூன்று மாடல்கள். ஆண்களைப் பெண்கள் கிண்டலடிப்பது போலத்தான் எடுத்தேன் என்று இயக்குநர் விளக்கம் சொன்னார். அந்த மாடல்களில் ஒருவரான எமிலி ராடகோவ்ஸ்கி தொடக்கத்தில் அந்த வீடியோவை ஆதரித்துப் பேசியவர். 2021இல் எழுதிய நூலில், படப்பிடிப்புத் தளத்திலேயே பாடகர் ராபின் திக் தன்னை அனுமதியின்றித் தொட்டதாக எழுதினார். அதைக் கண்டு தான் கத்தியதாக இயக்குநரும் பத்திரிகையிடம் சொன்னார். பெண் இயக்குநர் இருந்தார், படப்பிடிப்பை நிறுத்திவிடலாம் என்றுகூடச் சொன்னார். ஆனாலும் வீடியோ வந்தது, பாடல் உலகம் முழுக்க ஓடியது. அந்தத் தளத்தில் மாடலுக்கு இருந்த இடம் என்ன என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். 'அவள் விரும்பித்தானே செய்தாள்' என்று சொல்பவர்கள் எந்த ஆண்டின் அவளைக் கேட்கிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

நாயகிக்குப் பின்னால் வரிசையில் ஆடுபவர்கள் இந்த விவாதத்தில் எப்போதும் விட்டுப்போகிறார்கள். அதே 2013இல் லில்லி ஆலன் இந்தக் கவர்ச்சி வீடியோக்களைக் கேலி செய்து ஒரு பாடல் வெளியிட்டார். அவர் முழு உடையில் நின்று பாட, பின்னால் பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள் சிறு உடையில் இடுப்பைக் குலுக்கினார்கள். கேலி என்றாலும் கேலிக்கு யாருடைய உடல் பயன்பட்டது என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அமெரிக்கப் பாடகி பியான்ஸே 2014இல் மேடையில் 'பெண்ணியவாதி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் ராட்சத எழுத்துகளில் ஒளிர, அதன் முன்னால் நின்றார். சில மாதங்களுக்கு முன்புதான் பெல் ஹுக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணிய அறிஞர், சிறு பெண்கள்மீது அவருடைய பிம்பம் ஏற்படுத்தும் தாக்கத்தைக் குறித்து மிகக் கடுமையாக, 'பயங்கரவாதி' என்ற சொல்லையே போட்டுப் பேசியிருந்தார். எனக்கு அந்தச் சொல் அதிகமாகப் படுகிறது. பியான்ஸேவின் ஒரு பாடலில் தன் உரையைச் சேர்த்துக்கொள்ள அனுமதித்த நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா அடிச்சிகூட 2016இல், பியான்ஸேவை மதிக்கிறேன், ஆனால் அவருடைய பெண்ணியம் என்னுடையது அல்ல என்றார். அந்த நிதானம் எனக்குப் பிடித்திருந்தது.

நம் பக்கம் வருவோம். 2021 டிசம்பரில் வந்த 'புஷ்பா' படத்தில் சமந்தா ஆடிய பாடல் நினைவிருக்கும். தமிழில் ஆண்ட்ரியா பாடினார். என்ன உடுத்தினாலும் எப்படி இருந்தாலும் ஆண் புத்தி ஒன்றுதான் என்று வரிக்கு வரி ஆண்களைக் குத்தும் பாடல். ஆந்திரத்தில் ஆண்கள் அமைப்பு ஒன்று கோபித்துக்கொண்டு வழக்குக்கே போனது. வரிகளைக் கேட்டால் எனக்கும் சிரிப்பு வருகிறது. ஒலியை நிறுத்திப் பார்த்தால், வரி யாரைக் கேலி செய்கிறதோ அந்த ஆளின் கண்ணாகவே கேமரா நகர்கிறது. வாய் ஒரு கட்சி, கண் வேறு கட்சி. இதற்கு நேர்மாறு 2015 டிசம்பரில் இணையத்தில் வந்த 'பீப் பாடல்'. மாதர் அமைப்புகள் தெருவில் இறங்கின, கோவையில் காவல்துறை வழக்குப் பதிந்தது. அதில் குற்றம் முழுக்கச் சொல்லில் இருந்ததால் என் ஒலி நிறுத்தும் முறை அதற்கு உதவாது.

சில்க் ஸ்மிதாவைச் சொல்லாமல் தமிழில் இந்தப் பேச்சு முடியாது. 1980களில் அவர் ஆடிய ஒரு பாடல் இருந்தால் படம் விலைபோகும் என்று சேர்த்தார்கள். திட்டு முழுவதும் அவருக்கு, லாபம் வேறு யாருக்கோ. 1996 செப்டம்பரில் முப்பத்தைந்து வயதில் இறந்தார். இன்று அவரைக் கொண்டாடி எழுதுபவர்கள் அன்று எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்?

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. பெண்களை அநாகரிகமாகச் சித்திரிப்பதைத் தடுக்கும் 1986ஆம் ஆண்டுச் சட்டம், முதல் முறைக் குற்றத்துக்கு இரண்டாண்டு வரை சிறையும் இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. சினிமாப் பாடல் அதற்குள் வராது. அது தணிக்கை வாரியத்தின் பாடு. யூடியூபுக்கென்றே எடுக்கும் தனிப்பாடல் தணிக்கைக்குப் போவதில்லை. 2025 மார்ச்சில் தெலங்கானா மகளிர் ஆணையம், பாடல்களில் ஆபாசமான நடன அசைவுகள் வேண்டாம் என்று திரைத்துறையை எச்சரித்தது. எச்சரிக்கையால் ஓர் அசைவு போய் இன்னோர் அசைவு வரும். எனக்குச் சட்டத்தில் பெரிய நம்பிக்கை இல்லை. வெட்டச் சொல்பவர்கள் எந்தப் பெண்ணுக்காகக் கேட்கிறார்கள் என்பதை எங்கள் ஊரில் பார்த்திருக்கிறேன்.

2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. சாதி கடந்து நடந்த ஒரு திருமணத்தைத் தொடர்ந்து நடந்தது அது. அதற்குப் பிறகு ஒரு பெரிய அரசியல் தலைவர், தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டீ-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். அந்த முறை குற்றவாளிக் கூண்டில் நின்றது ஆணின் ஆடை. ஆனால் வீட்டுக்குள் பூட்டப்பட்டவர்கள் பெண்கள்தான்: செல்போன் பிடுங்கப்பட்டது, கல்லூரிக்குத் துணைக்கு ஆள் போனது. அதனால் 'நம் பெண்களின் மானம்' என்று ஒருவர் தொடங்கினால் நான் உஷாராகிவிடுவேன். ஷினேடும் இவரும் ஒரே பாடலைத்தான் எதிர்ப்பார்கள். ஷினேடுக்கு அந்தப் பெண்மேல் கவலை. இவருக்கு அவள் வீட்டின் பெயர்மேல் கவலை.

ஓசூர்ப் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண்ணின் திருமணம். வரவேற்பில் ஒரு நடனக்குழுவை வரவழைத்திருந்தார்கள். இரண்டு பாடல்கள் முடிந்ததும், மணப்பெண்ணும் அவளோடு விடுதியில் தங்கும் தோழிகளும் மேடைக்கு வந்து அதே பாடல்களில் ஒன்றுக்கு ஆடினார்கள். பிரமாதமான ஆட்டம். வாரம் கழித்து அவளுடைய பெரியப்பா ஸ்டுடியோவுக்கு வந்தார்.

"அம்மா, எங்கள் பெண் ஆடுகிற இடம் வேண்டாம். எடுத்துவிடுங்கள். மாப்பிள்ளை வீட்டார் பார்ப்பார்கள்."

"ஐயா, நடனக்குழு ஆடியதையும் எடுத்துவிடட்டுமா?"

"அது எதற்கு? காசு கொடுத்துக் கூட்டிவந்தோம் இல்லையா? அது இருக்கட்டும்."

ஒரே பாடல், ஒரே மேடை, ஏறக்குறைய ஒரே அசைவுகள். நம் வீட்டுப் பெண்ணின் உடலை மறைக்க வேண்டும். காசுக்கு வந்த பெண்ணின் உடலைப் பாதுகாத்து வைக்க வேண்டும். அவருக்கு அதில் முரண்பாடே தெரியவில்லை. நல்ல மனிதர், எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். மாலையில் மணப்பெண் தொலைபேசியில் அழைத்தாள். "அக்கா, பெரியப்பா வந்தாராமே. நான் ஆடியதில் ஒரு நொடிகூடக் குறையக்கூடாது. பாதிப் பணம் நான்தான் கொடுத்திருக்கிறேன்." அவள் சொன்ன பணக் கணக்குதான் என் கையைக் கட்டியது, அல்லது அவிழ்த்தது. வீட்டுக்கு ஒரு பதிப்பு, அவளுக்கு ஒரு பதிப்பு என்று இரண்டு செய்தேன். இரண்டிலும் பையன் எடுத்த இடுப்பு ஜூம்களைத் தூக்கி எறிந்தேன், மணப்பெண்ணுடையதையும் நடனக்குழுப் பெண்களுடையதையும் சேர்த்து. முகமும் காலும் ஒரே சட்டகத்தில் தெரியும் தூர ஷாட்டுகளை வைத்தேன். ஆட்டத்தின் அழகு ஒரு துளியும் குறையவில்லை. சொல்லப்போனால் அப்போதுதான் யார் நன்றாக ஆடுகிறார்கள் என்றே தெரிந்தது.

கோயில் திருவிழாக்களில் நடக்கும் ஆடல் பாடல் நிகழ்ச்சிகளும் இப்படித்தான். அனுமதிக்காக உயர் நீதிமன்றம் வரை போகிறார்கள். ஆபாச நடனம் கூடாது, இரட்டை அர்த்தப் பாடல் கூடாது, இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்று நிபந்தனைகள் வரும். நான் படித்த உத்தரவுகளில் உடை, பாட்டு, நேரம் பற்றி எழுதியிருந்தது. ஆடும் பெண் உடை மாற்ற ஓர் அறை வேண்டும் என்று எதிலும் பார்க்கவில்லை. மேடைக்குக் கீழே நூறு செல்போன்கள் அண்ணாந்து அவளைப் படம் பிடிக்கும். அந்தப் படங்கள் எங்கே போகும் என்று கேட்கும் நிபந்தனையும் இல்லை.

இதே மாவட்டத்தில் பாரதக் கூத்தும் நடக்கிறது. திரௌபதி வேடத்தில் ஆண் நிற்பார். துகிலுரியும் கட்டத்தில் கூட்டத்தில் பெண்கள் அழுவார்கள், சிலருக்குச் சாமி வந்துவிடும். ஒரு பெண்ணை அவமானப்படுத்தும் காட்சி அது. ஆனாலும் யாருக்கும் அது கவர்ச்சியாகத் தெரிவதில்லை. அந்த இடத்தில் கேள்வி கேட்பது அவள், சபை தலைகுனிகிறது. காட்சி அவளுடையதாக இருக்கிறது. கூத்தைப் புனிதமாக்கவில்லை. அதே இரவில் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் பெண்களைப் பற்றி அடிக்கும் ஜோக்குகளை நான் எடிட் செய்தால் பாதிதான் மிஞ்சும்.

தெளியாத மீதிப் பாதி என்று சொன்னேனே, அது இதுதான். 2025இல் சப்ரினா கார்பென்டர் ஓர் ஆல்பத்துக்கு அட்டைப்படம் வெளியிட்டார். அவர் மண்டியிட்டிருக்கிறார், ஓர் ஆணின் கை அவர் தலைமுடியைப் பற்றியிருக்கிறது. குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் கிளாஸ்கோ அமைப்பு ஒன்று கண்டித்தது. ரசிகைகள் அது நையாண்டி என்றார்கள். என் அளவுகோலை வைத்துப் பார்த்தால் அவர் முகம் தெரிகிறது, நேராக நம்மைப் பார்க்கிறார். தலை இல்லாதவர் அந்த ஆண்தான். திட்டம் பாடகியுடையது. ஆனாலும் நையாண்டி பாட்டைக் கேட்டவர்களோடு நின்றுவிடும். முடியைப் பற்றிய கை மட்டும் தனியாக ஊர் ஊராகப் போகும். அந்தக் கையை வீட்டில் தினமும் பார்க்கும் பெண்ணிடம் இது கிண்டல் என்று எப்படி விளக்குவது? இதில் இரண்டு தரப்புக்கும் நியாயம் இருக்கிறது, என்னால் ஒரு பக்கம் சாய முடியவில்லை.

மகள் விஷயம். தடுக்காதீர்கள்; தடுத்தால் அவள் ஆட்டம் நிற்காது, உங்களிடம் காட்டுவதுதான் நிற்கும். ஒரு பாடலை அவளோடு உட்கார்ந்து ஒலியில்லாமல் பாருங்கள். நீங்கள் விளக்க வேண்டாம். எந்த ஷாட்டில் முகம் இல்லை என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். இந்த வயதுப் பிள்ளைகள் நம்மைவிட வேகமாகக் கண்டுபிடிப்பார்கள். ரீல்ஸ் போடுகிறாள் என்றால் கணக்கைத் தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றுங்கள். அதை அவள் கையாலேயே செய்யவையுங்கள். இன்னொன்று, சின்ன விஷயம்தான், ஆனால் என் தொழிலில் இதுதான் பெரிது. பிள்ளைகள் செல்போனைத் தரையில் வைத்து, ஒரு தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து ஆடுகிறார்கள். கேமரா கீழேயிருந்து மேலே பார்க்கிறது. ஆடையும் அசைவும் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் படம் கோணலாகத்தான் வரும். அலமாரியில் அவள் முகத்தின் உயரத்தில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுங்கள். நான்கு எட்டுப் பின்னால் தள்ளி நின்று ஆடச் சொல்லுங்கள்.